என் கணினியில் ஓடுகிறது, மற்றவர் கணினியில்?

வாசகர் கேள்வி – பதில்

திறமூல மென்பொருளைப் பல இயங்குதளங்களில் தானாகவே பில்டு செய்து சோதிக்கும் முறையைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தோம். மூல நிரலைத் தொகுத்து ஓடக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவருவதைத்தான் நிரலாளர்கள் பில்டு என்கிறார்கள். அந்தக் குறிப்பையொட்டி வந்த கடிதங்களிலிருந்து, பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளை இம்முறை ஒரே இடத்தில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: நானும் என் வகுப்புத் தோழர்களும் தமிழ்ச் சொற்களை அசை பிரித்துக் காட்டும் சிறிய நிரலொன்றைச் சி மொழியிலும் பைத்தானிலும் எழுதி, திறமூல உரிமத்தில் வெளியிட்டிருக்கிறோம். என் மேக்புக்கில் குறையின்றி ஓடுகிறது. விண்டோஸ் வைத்திருக்கும் தோழியால் அதை பில்டு செய்யவே முடியவில்லை. லினக்ஸில் பில்டு ஆகிறது, ஆனால் விடை மாறி வருகிறது. தானியங்கிச் சோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள் என்று விரிவுரையாளர் சொன்னார். அது என்ன செய்கிறது?
— பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், செங்காங்

பதில்: மூல நிரலையும் அதன் மாற்றங்களையும் சேமித்துவைக்கும் இடமான களஞ்சியத்தில் நீங்கள் ஒரு மாற்றத்தைச் சேர்த்தவுடன், உங்கள் மடிக்கணினியோடு எந்தத் தொடர்பும் இல்லாத வேறொரு கணினி அந்த மாற்றம் அடங்கிய மூல நிரல் முழுவதையும் இறக்கிக்கொண்டு, நீங்கள் எழுதிவைத்த கட்டளைகளை மட்டுமே பின்பற்றி அதைத் தொகுத்து, நிரல் சரியாக நடக்கிறதா என்று பார்க்க நீங்கள் எழுதிய டெஸ்ட்களை ஒவ்வொன்றாக ஓட்டி, பச்சை (தேறியது) அல்லது சிவப்பு (தோற்றது) என்ற முடிவை உங்களுக்குத் தெரிவிக்கும். இதே வேலையை ஒரே நேரத்தில் லினக்ஸ், விண்டோஸ், மேக் ஆகிய மூன்றிலும் செய்யச் சொல்லலாம். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ், கிட்லேப் சிஐ போன்ற சேவைகள் இதற்காகவே இருக்கின்றன. உங்கள் களஞ்சியத்திலேயே வைக்கப்படும் ஒரு யாமல் கோப்பு (எளிய உரையில் எழுதும் அமைப்புக் கோப்பு) எந்தக் கணினியில் எதைச் செய்ய வேண்டும் என்பதை அவற்றுக்குச் சொல்கிறது.

இதில் மிகவும் முக்கியமானது, ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும் கணினி என்பது. பல மாதங்களுக்கு முன்பு ஏதோ ஒரு பயிற்சிக்காக நீங்கள் நிறுவி மறந்துபோன நிரல் நூலகம், உங்கள் டெர்மினல் அமைப்பில் எப்போதோ எழுதிவைத்த ஒரு சூழல் மாறி (நிரல்கள் படித்துக்கொள்ளும் அமைப்பு மதிப்பு), மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் சேர்க்க விட்டுப்போன ஒரு கோப்பு ஆகிய எதுவும் அங்கே இருக்காது. ஆகவே உங்கள் நிரலுக்கு உண்மையில் என்னென்ன தேவை என்பது முதல் நாளிலேயே வெளிச்சத்துக்கு வந்துவிடும். விண்டோஸ் பில்டு உடனே பச்சையாகாவிட்டாலும் இந்த ஒரு பலனுக்காகவே ஏற்பாட்டைச் செய்துவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். பில்டு கட்டளைகளை யாமல் கோப்புக்குள் நீளமாக எழுதிவிடாமல், தனி ஸ்கிரிப்டாக, அதாவது கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு கோப்பாக, எழுதிக் களஞ்சியத்தில் வைத்து, யாமல் கோப்பு அதை அழைக்கும்படி செய்யுங்கள். அப்போதுதான் சிவப்பு வந்த அன்று அதே ஸ்கிரிப்டை உங்கள் தோழி தன் கணினியில் ஓட்டிப் பார்க்க முடியும்; நாளை சேவையை மாற்ற நேர்ந்தாலும் வேலை வீணாகாது.

கேள்வி: மூல நிரல் ஒன்று, மொழியும் ஒன்று. அப்படியிருக்க இயங்குதளத்துக்கு இயங்குதளம் நடத்தை ஏன் மாற வேண்டும்? தமிழ் நிரல்களுக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டா?
— மென்பொருள் பொறியாளர், தெம்பனிஸ்

பதில்: மொழி ஒன்றாக இருந்தாலும் தன் விதிகளில் பலவற்றை அது இயங்குதளத்தின் முடிவுக்கே விட்டுவைத்திருக்கிறது. சி மொழியில் 'லாங்' என்ற எண் வகை 64-பிட் லினக்ஸிலும் மேக்கிலும் 8 பைட்; 64-பிட் விண்டோஸில் 4 பைட் மட்டுமே. 'கேர்' என்ற ஒரு பைட் வகை எதிர்ம எண்களை ஏற்குமா என்பதையும் மொழி வரையறுக்கவில்லை. இன்டெல், ஏஎம்டி சில்லுகளில் ஓடும் லினக்ஸில் அது −128 முதல் 127 வரை. ஆர்ம் சில்லுகளில் ஓடும் லினக்ஸில் 0 முதல் 255 வரை. ஆர்ம் குடும்பத்தையே சேர்ந்த சில்லைக் கொண்ட ஆப்பிள் மேக்கிலோ மறுபடியும் −128 முதல் 127 வரை.

ஆங்கிலத்தை மட்டும் கையாளும் நிரலில் இந்த வேறுபாடு பல ஆண்டுகள் வெளிப்படாமலே கிடக்கலாம், ஏனெனில் ஆங்கில எழுத்துகளின் குறியெண்கள் (கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் தரும் எண்கள்) அனைத்தும் 128க்குக் கீழே அடங்கிவிடுகின்றன. தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும், உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. அம்மூன்றுமே 127க்கு மேற்பட்டவை. அத்தகைய பைட்டை ஒரு பட்டியலின் வரிசை எண்ணாகப் பயன்படுத்தும் நிரல், ஓரிடத்தில் சரியான இடத்தையும் இன்னோரிடத்தில் பட்டியலுக்கு வெளியே உள்ள நினைவகத்தையும் தொடும். செங்காங் மாணவர் தம் நிரலை ராஸ்பெரி பை போன்ற ஆர்ம் லினக்ஸ் கணினியில் ஓட்டியிருந்தால், முதலில் இதைத்தான் சரிபார்க்க வேண்டும். ஆக, தமிழ் நிரல்களுக்குச் சிக்கல்கள் கூடுதல்தான். ஆனால் அதே காரணத்தால், தமிழ்ச் சொற்களைக் கொண்டு எழுதிய டெஸ்ட்கள் எந்தத் திட்டத்துக்கும் பெரும் பயன் தருகின்றன என்பது என் உறுதியான கருத்து.

பைத்தானுக்கு வருவோம். ஒரு கோப்பைத் திறக்கும்போது அதன் குறிமுறையை (எழுத்துகளை பைட்டுகளாக எழுதிய முறையை) நீங்கள் சொல்லாவிட்டால், மேக்கிலும் இன்றைய லினக்ஸிலும் யூடிஎஃப்-8 என்று அது எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் அந்தக் கணினியின் வட்டார அமைப்புக்குரிய பழைய குறிமுறையை எடுத்துக்கொள்ளும். ஆங்கில விண்டோஸில் பெரும்பாலும் அது 1252 எனப்படும் குறிமுறையாக இருக்கும். தமிழ்ப் புள்ளியின் மூன்றாவது பைட் 141. 1252 குறிமுறையில் 141க்கு எழுத்தே ஒதுக்கப்படவில்லை. ஆகவே மெய்யெழுத்து வந்த இடத்தில் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். யூடிஎஃப்-8ஐ எல்லா இயங்குதளங்களுக்கும் பொதுவாக்கும் மாற்றம் பைத்தான் 3.15 பதிப்புக்கென முடிவு செய்யப்பட்டிருக்கிறது. பழைய பதிப்புகளைப் பயன்படுத்துவோர் இருக்கும்வரை, குறிமுறையை வெளிப்படையாக எழுதுவதே பாதுகாப்பு.

அடுத்தது ஒகர உயிர்மெய். 'கொ' என்பதில் வரும் கொம்பும் காலும் சேர்ந்த குறியை யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், எகரக் கொம்பு ஒன்று, ஆகாரக் கால் ஒன்று என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்; யூனிகோடு விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் 'கொன்றை' என்று பெயரிட்ட கோப்பை இரு வடிவங்களிலும் உருவாக்கினால், லினக்ஸிலும் விண்டோஸிலும் இரண்டு தனித்தனிக் கோப்புகள் கிடைக்கும், மேக்கில் இரண்டும் ஒரே கோப்பைக் குறிக்கும். எழுத்துகளை எண்ணும் நிரலும், அகரவரிசைப்படுத்தும் நிரலும், அசை பிரிக்கும் நிரலும் இங்கே இடறாமல் இருக்க வேண்டுமானால், உள்ளீட்டை முதலிலேயே ஒரு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இரு வடிவங்களையும் டெஸ்டில் சேர்க்கவும் வேண்டும்.

1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்த காலத்தில், ஒரு கணினியில் எழுதிய தமிழை இன்னொன்றில் படிக்க அதே எழுத்துரு வேண்டியிருந்ததைப் பழைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யூனிகோடு அந்தத் துன்பத்தின் பெரும்பகுதியை நீக்கியது. எஞ்சிய பகுதியைச் சோதனைகளால்தான் பிடிக்க முடியும்.

கோப்புப் பெயர்களில் இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. மேக்கும் விண்டோஸும் வழக்கமான அமைப்பில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுபடுத்துவதில்லை, லினக்ஸ் வேறுபடுத்தும். 'ஆக்ஸ்', 'கான்', 'நல்' போன்ற சில பெயர்களை விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்திலிருந்தே சாதனங்களுக்கென ஒதுக்கி வைத்திருப்பதால், அப்பெயர் கொண்ட கோப்பு விண்டோஸில் தொல்லை தரும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் மூல நிரலிலேயே 'ஆக்ஸ்' என்ற பெயரில் ஒரு சி கோப்பு இருக்கிறது. வரி முடிவுக் குறி, கோப்புறைப் பாதையில் வரும் சாய்கோடு ஆகியவற்றைப் பற்றி எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன என்பதால் இங்கே விரிக்கவில்லை.

சிங்கப்பூரில் எழுதும் நிரலாளர்கள் கவனிக்க வேண்டிய இரண்டைச் சொல்லிவிடுகிறேன். நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி முன்னால் இருப்பது 1982 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முன் ஏழரை மணியாக இருந்தது. கணினிகள் பலவும் நேரத்தை 1970 ஜனவரி 1 உலகப் பொது நேர நள்ளிரவிலிருந்து எண்ணுகின்றன. அந்தக் கணம் சிங்கப்பூரில் காலை 7.30. லினக்ஸும் மேக்கும் பயன்படுத்தும் நேர மண்டலத் தரவுத்தளம் இதை அறிந்திருக்கிறது. விண்டோஸின் சொந்த மண்டலப் பட்டியலில் இந்தப் பழைய மாற்றம் இல்லாததால் அங்கே 8.00 என்று வரும். மூத்த குடிமக்களின் பிறந்த நாளையும் நேரத்தையும் கையாளும் எந்த நிரலுக்கும் இது கற்பனைச் சிக்கலன்று. இரண்டாவது, எண்களில் வரும் காற்புள்ளி. யூனிகோடு அமைப்பு பராமரிக்கும் வட்டாரத் தரவில் இந்தியத் தமிழுக்கு 1,00,000 என்றும் சிங்கப்பூர்த் தமிழுக்கு 100,000 என்றும் வரும். சோதனைக் கணினியின் வட்டார அமைப்பு எதுவோ அதைப் பொறுத்து உங்கள் டெஸ்ட் பச்சையாகவோ சிவப்பாகவோ ஆகிவிடாதபடி, வட்டாரத்தையும் நேர மண்டலத்தையும் டெஸ்டிலேயே குறிப்பிட்டு எழுதுங்கள்.

கேள்வி: பெரிய நிறுவனங்கள் பல வகைக் கணினிகளை வாங்கி வைத்துச் சோதிக்கலாம். ஊதியமின்றி உழைக்கும் திறமூலத் திட்டங்களுக்கு இது எப்படிச் சாத்தியமாயிற்று?
— பணி ஓய்வு பெற்ற வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: கணினிகளை வாங்க முடியாதவர்கள், கணினி வைத்திருப்பவர்களை ஒன்றுசேர்த்தார்கள். 1998இலேயே பெர்ல் மொழிக்காரர்கள் சிபான் டெஸ்டர்ஸ் என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். ஒருவர் புதிய பெர்ல் தொகுப்பை வெளியிட்டதும், உலகின் பல மூலைகளில் இருக்கும் தொண்டர்கள் தத்தம் கணினிகளில் அதை பில்டு செய்து முடிவை அனுப்புவார்கள். எழுதியவர் தம் வாழ்நாளில் பார்த்தே இராத இயங்குதளங்களில் தம் நிரல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அதன்மூலம் அறிந்துகொண்டார். மொசில்லா தன் மூல நிரலை வெளியிட்ட அதே 1998இல், அதன் நிரலாளர்கள் டிண்டர்பாக்ஸ் என்ற பலகையைப் பார்த்துப் பச்சையா சிவப்பா என்று அறிந்த பிறகே புதிய மாற்றங்களைச் சேர்த்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் பில்டு பண்ணை. ஆண்ட்ரூ டன்ஸ்டன் 2004இல் உருவாக்கிய இந்த ஏற்பாட்டில், தொண்டர் ஒருவர் தம் கணினியைப் பதிவு செய்தால் அதற்கு ஒரு விலங்கின் பெயர் சூட்டப்படும். அந்தக் கணினி குறித்த இடைவெளியில் புதிய மூல நிரலை இறக்கி, பில்டு செய்து, சோதித்து, முடிவை நடுவண் தளத்துக்கு அனுப்பும். அரிய சில்லும் பழைய தொகுப்பியும் (மூல நிரலைத் தொகுக்கும் மென்பொருளும்) வைத்திருப்பவரின் கணினிக்கு அங்கே பெருமதிப்பு உண்டு. ஒரு விலங்கு மட்டும் சிவப்பானால், அந்தச் சில்லுக்கோ தொகுப்பிக்கோ உரிய குறை என்று உடனே ஊகிக்கலாம். எல்லா விலங்குகளும் சிவப்பானால் குறை நிரலில்தான் இருக்கிறது.

லினக்ஸ் வெளியீடுகளில் ஒன்றான டெபியன் திட்டத்தில் ஒருவர் ஒரு பொதியின் (நிறுவுவதற்கேற்பக் கட்டிவைத்த மென்பொருளின்) மூலத்தை ஏற்றிவிட்டால், டெபியன் ஆதரிக்கும் ஒவ்வொரு சில்லுக் குடும்பத்துக்குமான பில்டுகளை அத்திட்டத்தின் தானியங்கிக் கணினிகள் உருவாக்கிவிடுகின்றன. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13இல் ரிஸ்க்-ஐந்து சில்லும் அதிகாரபூர்வப் பட்டியலில் சேர்ந்தது. பட்டியலில் உள்ள ஐபிஎம் பெருங்கணினிக் குடும்பம், எண்ணின் பைட்டுகளை மற்ற சில்லுகளுக்கு நேர்மாறான வரிசையில் வைப்பதால், வேறெங்கும் தெரியாத குறைகள் அங்கே தெரிகின்றன. ஒரு வங்கியின் பெருங்கணினிக்காக எழுதப்படாத விளையாட்டு நிரல்கூட அந்தச் சோதனையால் திருந்துகிறது.

கேள்வி: எங்கள் குழுவில் நால்வர்தான். மூன்று இயங்குதளங்கள், ஐந்து பைத்தான் பதிப்புகள், இரண்டு சில்லு வகைகள் என்று எழுதினோம். ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் 30 பில்டுகள் ஓடுகின்றன. முடிவுக்குக் காத்திருந்தே பொழுது போகிறது. எத்தனை போதும்?
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: பெருக்கிக்கொண்டே போவதை நிறுத்துங்கள். வேறுபாடு எங்கே தோன்றும் என்று எண்ணிப் பார்த்தால், பைத்தான் பதிப்பால் வரும் குறை பெரும்பாலும் எல்லா இயங்குதளங்களிலும் ஒன்றுபோல வரும். இயங்குதளத்தால் வரும் குறை பெரும்பாலும் எல்லாப் பதிப்புகளிலும் வரும். ஆகவே லினக்ஸில் ஐந்து பதிப்புகளையும் ஓட்டுங்கள். விண்டோஸிலும் மேக்கிலும் நீங்கள் ஆதரிக்கும் மிகப் பழைய பதிப்பையும் மிகப் புதிய பதிப்பையும் மட்டும் ஓட்டுங்கள். 30 என்பது 9 ஆகிவிடும். இழப்பது மிகக் குறைவு. சி மொழிப் பகுதி உங்கள் நிரலில் இருந்தால் ஆர்ம் லினக்ஸில் ஒன்றைச் சேர்த்து 10 ஆக்குங்கள். எஞ்சியவற்றை இரவு நேரத்தில் அல்லது வாரம் ஒருமுறை ஓடும்படி நேரம் குறித்துவிடலாம். நீங்கள் நம்பியிருக்கும் நூலகங்களின் வெளிவர இருக்கும் பதிப்புகளையும் அந்த வாராந்தர ஓட்டத்தில் சேர்த்தால், உங்கள் பயனர்களுக்கு முன்பே நீங்கள் சிக்கலைப் பார்த்துவிடுவீர்கள்.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஒரு பில்டு தோற்றதும் மற்றவற்றை நிறுத்திவிடுவது இயல்பான அமைப்பு. பல இயங்குதளச் சோதனையில் அதை அணைத்துவிடுங்கள். விண்டோஸில் மட்டும் தோற்றதா, எல்லாவற்றிலும் தோற்றதா என்பதே உங்களுக்குக் கிடைக்கும் முதல் தடயம். மற்றவை நடுவில் நிறுத்தப்பட்டால் அந்தத் தடயம் அழிந்துபோகும்.

எண்ணிக்கையைவிட முக்கியமானது, எதற்கு நீங்கள் பொறுப்பேற்கிறீர்கள் என்பதை எழுதிவைப்பது. ரஸ்ட் மொழித் திட்டம் இயங்குதளங்களை மூன்று படிகளாகப் பிரித்திருக்கிறது: முதற்படியில் உள்ளவை ஓடும் என்ற உறுதி உண்டு, இரண்டாம் படியில் உள்ளவை பில்டு ஆகும் என்ற உறுதி உண்டு, மூன்றாம் படியில் உள்ளவற்றுக்கு நிரலில் ஆதரவு இருக்கலாம், ஆனால் தானியங்கிச் சோதனை இல்லை. பைத்தானும் இதுபோன்ற படிகளைப் பின்பற்றுகிறது. நால்வர் குழுவும் இப்படிச் செய்யலாம், செய்ய வேண்டும். "விண்டோஸில் ஓடும்" என்று அறிமுகக் கோப்பில் எழுதிவிட்டு அங்கே ஒருமுறையும் சோதிக்காமல் இருப்பது, அதை நம்பி இறக்கும் பயனரின் மாலைப் பொழுதைப் பறிப்பதாகும்.

கேள்வி: வேறு சில்லுகளை எமுலேட்டரில் ஓட்டிச் சோதித்தால் போதாதா?
— வாசகி, கிளமெண்டி

பதில்: பெருமளவுக்குப் போதும். எமுலேட்டர் என்பது வேறொரு சில்லைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள். கியூஎமு என்ற திறமூல எமுலேட்டரைக் கொண்டு, இன்டெல் கணினியிலேயே ஐபிஎம் பெருங்கணினிக்கான நிரலையும் ரிஸ்க்-ஐந்து நிரலையும் ஓட்டலாம். பைட் வரிசை, எண்களின் அளவு, 'கேர்' வகையின் எல்லை ஆகியவற்றில் வரும் குறைகள் அதில் தெரிந்துவிடும். வேகம் மட்டும் பல மடங்கு குறையும். பல இழைகள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் நினைவகத்தைத் தொடும் நிரல்களில் வரும் குறைகள், வன்பொருளின் உண்மையான நடத்தையைச் சார்ந்தவை என்பதால், எமுலேட்டரில் தப்பிவிடலாம். வாராந்தரச் சோதனைக்கு எமுலேட்டர், வெளியீட்டுக்கு முன் உண்மையான வன்பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் திட்டத்தில் ஒரு டெஸ்ட் மேக்கில் மட்டும் சில நேரம் சிவப்பாகிறது. மறுபடி ஓட்டினால் பச்சையாகிவிடுகிறது. மூத்தவர்கள் "மறுபடி ஓட்டிவிடு" என்று மட்டுமே சொல்கிறார்கள். அது சரியா?
— இளம் நிரலாளர், பொங்கோல்

பதில்: சரியில்லை. இதில் எனக்குச் சிறிதும் தயக்கம் இல்லை. காரணம் தெரியாமல் மறுபடி ஓட்டும் பழக்கம் ஒரு குழுவில் நுழைந்துவிட்டால், சிவப்பு என்பதற்குப் பொருளே இல்லாமல் போய்விடும். உண்மையான குறை வந்த நாளிலும் அதே பொத்தானைத்தான் அழுத்துவார்கள். தானியங்கிச் சோதனைக்காக நீங்கள் செலவிட்ட உழைப்பு அத்தனையும் அந்த ஒரு பழக்கத்தால் கரைந்துவிடுகிறது.

இத்தகைய டெஸ்ட்களுக்குக் காரணங்கள் பெரும்பாலும் எண்ணிவிடக்கூடியவை. இரண்டு நொடிக்குள் முடிய வேண்டும் என்று எழுதிய டெஸ்ட், பகிர்ந்து பயன்படுத்தப்படும் மெதுவான சோதனைக் கணினியில் தோற்கும். வெளித்தளத்திலிருந்து எதையாவது இறக்கும் டெஸ்ட், அத்தளம் தூங்கும்போது தோற்கும். ஒரே போர்ட் எண்ணை (வலைத்தொடர்புக்கான வாயில் எண்ணை) இரண்டு டெஸ்ட்கள் கேட்டால் ஒன்று தோற்கும். கோப்புறையில் உள்ள கோப்புகள் அகரவரிசையில்தான் வரும் என்று நினைத்து எழுதியது, அவ்வாறு வராத கோப்பு முறைமையில் தோற்கும். பைத்தானில் கணங்களின் உறுப்புகள் வரும் வரிசை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறலாம் என்பதையும் பலர் கருத்தில் கொள்வதில்லை. சிங்கப்பூரில் காலை 8 மணிக்கு முன் ஓட்டினால் சோதனைக் கணினியின் தேதி இன்னும் நேற்றாகவே இருக்கும், ஏனெனில் அக்கணினிகள் பொதுவாக உலகப் பொது நேரத்தில் இயங்குகின்றன. காலையில் மட்டும் தோற்கும் டெஸ்டுக்கு முதலில் இதைப் பாருங்கள்.

மூத்தவர்களிடம் வாதிடுவதைவிடச் செய்துகாட்டுவது எளிது. அந்த ஒரு டெஸ்டை மட்டும் மேக்கில் நூறு முறை தொடர்ந்து ஓட்டும் ஒரு தனி வேலையை எழுதி, தோற்கும் ஒவ்வொரு முறையும் நேரம், தற்செயல் எண்ணின் விதை (அதன் தொடக்க மதிப்பு), கோப்பு வரிசை ஆகியவற்றை லாகில், அதாவது ஓட்டத்தின் பதிவேட்டில், பதியச் செய்யுங்கள். உடனே திருத்த முடியாவிட்டால் அந்த டெஸ்டைத் தனிப் பிரிவுக்கு மாற்றி, அதற்கென்று ஒரு குறைப்பதிவைத் திறந்து, பொறுப்பாளரின் பெயரையும் சேருங்கள். அதுவரை மற்ற டெஸ்ட்களின் சிவப்பு நம்பத்தக்கதாக இருக்கும்.

கேள்வி: முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் மாற்றங்களை நம் சோதனைக் கணினி தானாகவே ஓட்டுகிறது என்றால், அது ஆபத்து இல்லையா? எல்லாம் பச்சை என்றால் மென்பொருள் பாதுகாப்பானது என்று கொள்ளலாமா?
— தகவல் பாதுகாப்புத் துறையில் பணிபுரியும் வாசகி, புக்கிட் பாத்தோக்

பதில்: முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை. பில்டு என்பதே பிறர் எழுதிய கட்டளைகளை நம் கணினியில் ஓட்டுவதுதான். ஆகவே வெளியாரின் மாற்றங்களைச் சோதிக்கும் ஓட்டத்துக்குக் கடவுச்சொற்கள், வெளியீட்டுச் சாவிகள் எதுவும் எட்டக் கூடாது. வெளியீடு செய்யும் ஓட்டம் தனியாக இருக்க வேண்டும். பிறர் எழுதிய ஆக்‌ஷன்களை (கிட்ஹப் ஓட்டங்களில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்களை) பயன்படுத்தும்போது பதிப்புப் பெயரால் குறிப்பிடாமல் கமிட்டின் (களஞ்சியத்தில் பதிந்த ஒரு மாற்றத்தின்) முழு அடையாள எண்ணால் குறிப்பிடுங்கள். 2025 மார்ச்சில், 23,000க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் பயன்படுத்திவந்த ஓர் ஆக்‌ஷனின் பதிப்புப் பெயர்களைத் தீயவர்கள் வேறொரு கமிட்டுக்குத் திருப்பிவிட, களஞ்சியங்களின் இரகசியங்கள் லாகில் அச்சாயின. முழு எண்ணால் குறிப்பிட்டிருந்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள்.

இரண்டாவது கேள்விக்கு எக்ஸ்இசட் நிகழ்வைவிடத் தெளிவான விடை இல்லை. கோப்புகளைச் சுருக்கும் அந்த நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இரகசியமாக உள்நுழைய வழிவிடும் பின்வாசல் ஒன்று புகுத்தப்பட்டிருந்ததை, போஸ்ட்கிரெஸ் நிரலாளர் ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் 2024 மார்ச் 29 அன்று வெளிப்படுத்தினார். தொலைவிலிருந்து உள்நுழைய வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை நொடி கூடுதலாகிறதே என்று அவர் ஆராயப் போய்த்தான் அது தெரியவந்தது. தீய நிரல் சோதனைத் தரவுக் கோப்புகள் என்ற பெயரில் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. அதைக் கிளப்பும் ஸ்கிரிப்டோ கிட் களஞ்சியத்தில் இல்லாமல், வெளியீட்டுக்கென்று உருவாக்கிய சுருக்கக் கோப்பில் மட்டும் இருந்தது. களஞ்சியத்தைச் சோதித்துப் பச்சை என்று சொன்ன எந்தச் சோதனையும், பயனர்களின் கைக்குப் போன பொருளைச் சோதிக்கவில்லை.

ஆகவே நீங்கள் வெளியிடும் அதே சுருக்கக் கோப்பை இறக்கி, அதிலிருந்து பில்டு செய்து சோதிக்கும் ஒரு படியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்கோப்பை மனிதர் தம் மடிக்கணினியில் உருவாக்காமல் தானியங்கியே களஞ்சியத்திலிருந்து உருவாக்கட்டும். ஒரே மூலத்திலிருந்து யார் பில்டு செய்தாலும் பைட்டுக்குப் பைட் ஒரே விளைபொருள் வர வேண்டும் என்று டெபியன் உள்ளிட்ட திட்டங்கள் பாடுபடுவதும் இதற்காகத்தான்.

கேள்வி: இவை இலவசமாகவே நீடிக்குமா?
— வாசகர், ஈசூன்

பதில்: அதை நம்பித் திட்டத்தை அமைக்காதீர்கள். 2011இல் தொடங்கிய டிராவிஸ் சிஐ என்ற தானியங்கிச் சோதனைச் சேவை பல ஆண்டுகள் திறமூலத் திட்டங்களுக்கு இலவசமாக உழைத்தது. 2020 இறுதியில் அந்தக் கொள்கை மாறியதும் எண்ணற்ற திட்டங்கள் வேறிடம் தேடின. இலவசக் கணினிகளில் மறைநாணயம் தோண்டுவோர் புகுந்ததால், 2021இல் பல சேவைகள் கட்டுப்பாடுகளை இறுக்கின. பொதுக் களஞ்சியங்களுக்கு கிட்ஹப்பின் வழக்கமான சோதனைக் கணினிகள் இப்போது இலவசம். பயன்படுத்திக்கொள்ளுங்கள், முதல் பதிலில் சொன்ன தனி ஸ்கிரிப்டை மட்டும் மறவாதீர்கள்.

கேள்வி: உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் மகனிடம் பழைய ராஸ்பெரி பை ஒன்றும், பயன்படுத்தாத மடிக்கணினி ஒன்றும் இருக்கின்றன. இவற்றைக் கொண்டு அவன் திறமூலத் திட்டங்களுக்கு உதவ முடியுமா? அவனுக்கு நிரல் எழுத இன்னும் அவ்வளவாக வராது.
— ஒரு தாயார், அங் மோ கியோ

பதில்: முடியும், அம்மா. ஓர் எச்சரிக்கையை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கணினியைப் பொதுக் களஞ்சியம் ஒன்றின் சோதனைக் கணினியாக இணைக்க வேண்டாம். யார் அனுப்பும் மாற்றமும் உங்கள் வீட்டு வலைப்பின்னலுக்குள் ஓடும். பொதுக் களஞ்சியங்களோடு அவ்வாறு இணைப்பதை கிட்ஹப்பே பரிந்துரைப்பதில்லை. மாறாக, ஏற்கெனவே ஏற்றுக்கொள்ளப்பட்ட நிரலை மட்டும் இறக்கிச் சோதித்து முடிவை அனுப்பும் போஸ்ட்கிரெஸ் பண்ணை போன்ற ஏற்பாடுகளுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் தனிக் கணக்கொன்றை உருவாக்கி, குடும்பத்தின் கோப்புகள் இல்லாத கணினியில் ஓட்டுவது நல்லது.

அந்த ராஸ்பெரி பையில் 32-பிட் இயங்குதளம் இருந்தால், அதைக் கலைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். 32-பிட் கணினிகளில் சோதிப்பவர்கள் குறைந்துவருகிறார்கள், வேலையோ மீதமிருக்கிறது. நேரத்தை 32 பிட்டுகளில் எண்ணும் நிரல்களின் கணக்கு 2038 ஜனவரி 19 அன்று, சிங்கப்பூர் நேரப்படி முற்பகல் 11.14க்கு நிரம்பிவிடும். டெபியன் 13 தன் 32-பிட் ஆர்ம் பொதிகளில் நேரத்தை 64 பிட்டுக்கு மாற்றிவிட்டது. அந்த மாற்றத்துக்குப் பிறகு எந்தெந்தச் சிறு நிரல்கள் தடுமாறுகின்றன என்பதை வீட்டிலிருந்தே சோதிக்கலாம். உங்கள் மகன் தனக்குப் பிடித்த ஒரு நிரலை மூலத்திலிருந்து பில்டு செய்து பார்க்கட்டும். தோற்றால், சில்லின் பெயர், இயங்குதளத்தின் பதிப்பு, தொகுப்பியின் பதிப்பு, தான் தட்டிய கட்டளைகள், முதலில் வந்த பிழைச் செய்தி ஆகிய ஐந்தையும் எழுதிக் குறைப்பதிவாக அனுப்பட்டும். கடைசியாக வந்த பிழைச் செய்தியை மட்டும் அனுப்புவதே பலரின் வழக்கம். காரணம் பெரும்பாலும் முதலாவதில்தான் இருக்கும்.